பத்திரமா வச்சிருக்கேன்

தீபாவளியன்று மத்தியானம் பொந்தியானில் எந்தத் தமிழ் வீட்டு வாசலில் நின்றாலும் ஒரு வாக்கியம் காதில் விழும். "குடு பாப்பா, அம்மா பத்திரமா வச்சிருக்கேன்." பிள்ளையின் கையில் ஊதா நிறத்தில் இரண்டு, தங்க நிறத்தில் ஒன்று, ஏதோ ஒரு வங்கியின் பெயர் போட்டது ஒன்று என்று நாலைந்து அங்பாவ் உறைகள் இருக்கும். வந்த விருந்தாளியின் காடி முனை திரும்புவதற்குள் அவை அம்மாவின் கைப்பைக்குப் போய்விடும். சில பிள்ளைகள் அழும். பெரும்பாலான பிள்ளைகள் கொடுத்துவிட்டு முறுக்கு டின்னைப் பார்த்து ஓடிவிடும். அதற்குப் பிறகு அந்தக் காசைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இதெல்லாம் ஒரு கட்டுரைக்கான விஷயமா என்று கேட்கலாம். அஞ்சு வெள்ளி, பத்து வெள்ளி. பிள்ளைக்கு அதை வைத்து என்ன செய்வது என்றுகூடத் தெரியாது. ஆனால் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் வாக்குறுதிகளில் இதுவும் ஒன்று. வருஷம் தவறாமல் கொடுக்கப்படுவது. காப்பாற்றாமல் விட்டாலும் யாருக்கும் உறுத்தாதது. பெற்றோர் கெட்டவர்கள் என்பதால் அப்படி நடப்பதில்லை. நல்ல பெற்றோர்தான் இதைச் சொல்கிறார்கள், நல்ல பெற்றோர்தான் மறந்தும் போகிறார்கள். அதனால்தான் இதை நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த உறை. சீனர்களின் சிவப்பு உறை மலாய்க்காரர்களின் பெருநாளில் பச்சையானது. நம் வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் ஊதாவானது. பெயர் மட்டும் சீனப் பெயராகவே தங்கிவிட்டது. பண்டிகைக்குப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் காசு கொடுப்பது நமக்கும் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டன்று நல்ல நேரம் பார்த்துக் கொடுப்பதைக் கைவிசேடம் என்பார்கள். கேரளத்தில் விஷுவுக்குக் கைநீட்டம். தமிழ்நாட்டில் வெற்றிலை பாக்கில் வைத்து நீட்டுவார்கள், காலில் விழுந்து எழும் பிள்ளை வாங்கிக்கொள்ளும். அங்கெல்லாம் காசு கண்ணுக்குத் தெரியும். மலேசியாவில் அது மூடிய உறைக்குள் போனது. வித்தியாசம் இதில்தான்.

மூடிய உறை வாங்குபவரைவிடக் கொடுப்பவரைத்தான் அதிகம் காப்பாற்றுகிறது. தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி இரண்டு ஒரு வெள்ளித் தாளை வைத்து ஒட்டுகிறாள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமா ஐம்பது வெள்ளித் தாளை வைத்து ஒட்டுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கனம். அன்று அந்த வீட்டுக் கூடத்தில் பாட்டியும் மாமாவும் சமம். பண்டிகையின் நாகரிகம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். உறையைப் பிரிக்கும் இடத்தில் அது முடிகிறது. பெரும்பாலும் திரும்பிப் போகும் காடியின் பின்சீட்டில்.

இந்தச் சமமின்மை பொந்தியானில் ஏன் இவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது என்பதற்கு ஊரின் அமைப்பையும் பார்க்க வேண்டும். ஜொகூரின் மேற்குக் கரையில் மலாக்கா நீரிணையைப் பார்த்தபடி கிடக்கும் மாவட்டம் இது. பெக்கான் நானாஸ் என்ற பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டங்கள். தெற்கே குக்குப்பில் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மீனவர் வீடுகள், அதற்கும் தெற்கே ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய். அங்கிருந்து பார்த்தால் நீரிணையில் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கும். பக்கத்தில்தான் சிங்கப்பூர். 1998-இல் துவாஸுக்கு இரண்டாவது பாலம் திறந்த பிறகு, இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு விடியும் முன் மோட்டார் ஏறி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் வீடு திரும்புவது ஒரு சாதாரண வாழ்க்கையாகிவிட்டது.

ஆக ஒரே குடும்பத்தில் இரண்டு நாணயங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதை வாங்கும் அண்ணனும், மூன்று ரிங்கிட்டுக்கு மேல் மதிப்புள்ள சிங்கப்பூர் வெள்ளியில் வாங்கும் தம்பியும் ஒரே அம்மா வீட்டுக்குத்தான் தீபாவளிக்கு வருகிறார்கள். அண்ணன் பிள்ளைகளுக்குத் தம்பி ஐம்பது கொடுத்தால், தம்பி பிள்ளைகளுக்கு அண்ணன் என்ன கொடுப்பது? அஞ்சு கொடுத்தால் மானம் போகும். ஐம்பது கொடுத்தால் அந்த மாதம் போகும். இந்தக் கணக்கு தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே புருஷன் பெண்டாட்டிக்குள் தாழ்ந்த குரலில் ஓடிக்கொண்டிருக்கும்.

காசோடு நேரமும் இந்தக் கணக்கில் உண்டு. ஜொகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளி, சனி. சிங்கப்பூரிலோ சனி, ஞாயிறு. அப்பாவுக்கு ஓய்வான ஞாயிறன்று பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். பிள்ளைக்கு ஓய்வான வெள்ளியன்று அப்பா பாலத்துக்கு அந்தப் பக்கம். 2025 ஜனவரியில்தான் ஜொகூர் மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறியது. பத்து வருஷத்துக்கும் மேலாக இங்கே பல பிள்ளைகளுக்கு அப்பா என்பவர் வாரத்தில் ஒரே ஒரு முழு நாள்தான். அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தீபாவளி எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாள். அன்று பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்று பெற்றோர் நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இனி பெற்றோர் தரப்பைக் கேட்போம். அவர்கள் தரப்பு பலமானது.

அம்மா சொல்வாள்: "இவனுக்கு வந்தது எட்டு அங்பாவ். நாங்க மத்த பிள்ளைங்களுக்குக் குடுத்தது பதினஞ்சு. அப்போ இது யார் காசு?" இதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. பிள்ளைக்கு வந்த உறை பிள்ளையின் அழகுக்காக வந்ததல்ல. அப்பா அம்மா வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்த உறைகள் வட்டம் சுற்றித் திரும்பி வருகின்றன. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் பரிசைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இதைத்தான் காட்டினார்: பரிசு என்று நாம் அழைப்பதற்குள் கொடுக்கும் கடமை, வாங்கும் கடமை, திருப்பிக் கொடுக்கும் கடமை மூன்றும் ஒளிந்திருக்கின்றன. மொய் நோட்டு எழுதிய சமூகத்துக்கு இதை மோஸ் வந்து சொல்ல வேண்டியதில்லை. குறளில் ஈகை அதிகாரத்தின் முதல் பாட்டே கறாராகச் சொல்கிறது: இல்லாதவருக்குத் தந்தால்தான் அது கொடை, மற்ற கொடுக்கல் எல்லாம் அளந்து வாங்கி அளந்து திருப்பும் கைமாற்று. அந்தக் கறாரில் பார்த்தால் பிள்ளை வெறும் தபால்பெட்டி. கடிதம் பெட்டிக்குள் விழுந்ததால் அது பெட்டியுடையதாகுமா?

இன்னொன்றும் அம்மா சொல்லலாம். இடையில் தள்ளிப்போன பள்ளித் தவணை 2026-இல் மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டது. தீபாவளி முடிந்த கையோடு புத்தகப் பை, கறுப்புச் சப்பாத்து, சீருடை. "அவன் காசு அவனுக்குத்தானே போகுது, நான் என்ன நகையா வாங்கினேன்?"

சரி, மறுபக்கம். ஜான் லாக் 1689-இல் வெளியான நூலில் தந்தையின் அதிகாரத்துக்கு எல்லை கட்டும்போது, அது தற்காலிகமானது, பிள்ளையின் உயிருக்கோ உடைமைக்கோ நீளாது என்று வாதிட்டார். பிள்ளையைப் பெற்றோர் நிர்வகிக்கலாம், ஆனால் பிள்ளையின் உடைமை பெற்றோருடையதாகிவிடாது. எல்லாச் சமூகங்களும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. சாப்ளினோடு 1921-இல் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் சிறுவனாக இருந்தபோதே லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தவன். 21 வயதானபோது, அம்மாவும் மாற்றாந்தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது தெரிந்தது. 1938-இல் வழக்குப் போட்டான். வயது வராத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே என்பதுதான் அன்றைய சட்டம். கிடைத்தது மிகச் சிறு பகுதி. அந்த அதிர்ச்சியில் 1939-இல் கலிஃபோர்னியா தனிச்சட்டம் கொண்டுவந்தது. குழந்தை நடிகரின் வருமானத்தில் 15 விழுக்காட்டை ஒதுக்கி வைப்பது இன்று அங்கே கட்டாயம். சீனாவில் இந்த உறைக் காசுக்காகவே பிள்ளைகள் பெற்றோர் மீது வழக்குப் போட்டு, நீதிமன்றம் பிள்ளை பக்கம் நின்ற செய்திகளும் வந்திருக்கின்றன.

ஆனால் பொந்தியான் வீட்டுக் கூடத்துக்கு நீதிமன்றத்தைக் கூட்டிவருவதில் எனக்கு விருப்பமில்லை. உடைமையாளர் யார் என்ற கேள்வியைச் சட்டப்படி தீர்த்தாலும் விஷயம் தீராது. காசு முழுக்கப் பிள்ளையுடையதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வயதுப் பிள்ளையின் கையில் எண்பது வெள்ளியைக் கொடுத்துவிட முடியுமா? ஒரே மாலையில் மிட்டாயாகவும் பிளாஸ்டிக் காராகவும் மாறிவிடும். யாராவது வைத்திருக்கத்தான் வேண்டும். அதைத்தானே அம்மாவும் சொல்கிறாள், பத்திரமா வச்சிருக்கேன் என்று?

அவள் சொன்ன சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். என் பொருளை நான் "பத்திரமா வச்சிருக்கேன்" என்று இன்னொருவரிடம் போய்ச் சொல்வதில்லை. அடுத்தவர் பொருளுக்குத்தான் அப்படிச் சொல்ல முடியும். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்தால் சொல்வோம். ஆக அந்த வாக்கியத்தைச் சொன்ன நொடியிலேயே, இது உன் காசு என்று அம்மா ஒப்புக்கொண்டுவிடுகிறாள். மோஸின் வட்டம், மொய் நோட்டு, பதினைந்து உறை வாதம் எல்லாம் பிறகு வருகின்றன. உண்மையிலேயே அவள் அந்த வாதத்தை நம்பினால், "இது நாங்க குடுத்ததுதான் திரும்பி வருது, வீட்டுக் காசு" என்று பிள்ளையிடமே சொல்லலாம். சொல்வதில்லை. வாங்கும்போது ஒரு நியாயம், செலவழிக்கும்போது வேறொரு நியாயம்.

ஆகவே காசு யாருடையது என்ற கேள்வியை நான் இங்கே விட்டுவிடுகிறேன். மிஞ்சுவது இன்னொன்று: திருப்பிக் கேட்க முடியாத ஒருவருக்குக் கொடுத்த வாக்கு எவ்வளவு கட்டுப்படுத்தும்?

மூன்று வயதுக்கு முந்தைய நினைவு பெரும்பாலோருக்கு நிற்பதில்லை. நாலு வயதில் நடந்ததும் கலங்கலாகத்தான் மிஞ்சும். போன தீபாவளிக்கு எத்தனை உறை வந்தது என்று பிள்ளை கணக்கு வைத்திருக்காது. சாட்சி இல்லை, கேட்பதற்கு ஆள் இல்லை. அப்படியானால் அந்த வாக்கு காற்றோடு போனதா?

நம் வீடுகளிலேயே இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைப்பார்கள். அந்த முடிச்சில் இருப்பதும் காசுதான். கடைசி வாரத்தில் வீட்டில் அரிசி வாங்கக் காசில்லாமல் போனால் அடகுக் கடைக்குப் போவார்கள், பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவார்கள், அந்த முடிச்சை மட்டும் அவிழ்க்க மாட்டார்கள். சாகக் கிடக்கும் அப்பாவிடம் "தங்கச்சிய நான் பாத்துக்கிறேம்பா" என்று சொன்ன அண்ணன் அந்தச் சொல்லுக்காகத் தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டிருக்கிறான். செத்தவர் வந்து கேட்கப்போவதில்லை. கேட்க முடியாதவருக்குக் கொடுத்த வாக்குத்தான் கனமானது என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கேட்க முடிந்தவரிடம் தவணை சொல்லலாம், மன்னிப்புக் கேட்கலாம், பேரம்கூடப் பேசலாம். கேட்க முடியாதவரிடம் நம் சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை.

பிறகு ஏன் பிள்ளை மட்டும் இந்த வரிசையில் சேரவில்லை? சாமியிடம் பயம், இறந்தவரிடம் பயம் கலந்த மரியாதை. பிள்ளையிடம் நமக்கு இருப்பது அன்பு. அன்பு இருக்கும் இடத்தில் கணக்கு எதற்கு என்று தோன்றுகிறது. "உனக்கு நான் செஞ்சதுக்கெல்லாம் கணக்குப் போட்டா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. பால், மருந்து, கட்டணம், தூங்காத ராத்திரி. உண்மைதான், அந்தக் கணக்கில் பிள்ளை எப்போதும் கடனாளி. ஆனால் அதைத் திறந்தது யார்? பிள்ளை பாலுக்கு விலை கேட்கவில்லை. எண்பது வெள்ளியை நியாயப்படுத்துவதற்காகத் தூங்காத ராத்திரிகளுக்கெல்லாம் விலைச்சீட்டு ஒட்டினால் நஷ்டம் பெற்றோருக்குத்தான்.

எனக்குத் தோன்றுவது என்னவென்றால், இந்த வாக்கியத்துக்குப் பின்னால் பேராசை அநேகமாக இல்லை. இருப்பது வெட்கம். தீபாவளி ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒரு அம்மா கட்டிலில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்து எண்ணுகிறாள் என்றால், மின்சார பில்லுக்கும் மோட்டார் தவணைக்கும் அது தேவைப்படுகிறது என்று அர்த்தம். கையிலிருந்தது அதிரச மாவுக்கும் புதுத்துணிக்கும் மற்ற பிள்ளைகளுக்கான உறைகளுக்கும் போய்விட்டது. இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வருஷத்தில் ஒரு நாள், எல்லாம் இருக்கிற மாதிரி இருக்கும் நாள். "நம்மகிட்ட காசு இல்லப்பா" என்பதை அன்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் "பத்திரமா வச்சிருக்கேன்".

இப்படிப் பார்த்தால் இது திருட்டல்ல, ஒரு திரை. பிள்ளையின் சந்தோஷத்தைக் காப்பாற்றப் போட்ட திரை. அதை மதிக்கிறேன். ஆனால் அந்தத் திரை பிள்ளையின் கண்ணை மறைக்கிறதா என்றால், இல்லை. வீட்டில் காசு இருக்கிறதா இல்லையா என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அப்பாவின் குரலில் தெரியும், பாசாரில் அம்மா எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும் பொருளில் தெரியும். பிள்ளைக்குத் தெரியாமல் போவது ஒன்றே ஒன்றுதான்: தன்னிடம் அதைப் பேசலாம் என்று. இல்லாமை என்பது ஒளித்து வைக்க வேண்டிய அசிங்கம் என்று திரைதான் கற்றுத்தருகிறது. அதே பிள்ளை அடுத்த வருஷம் பாட்டியின் உறையைப் பிரித்து "ரெண்டு வெள்ளிதான்" என்று உதட்டைப் பிதுக்கினால், அதைக் கண்டிப்பதற்கான சொல் அப்போது நம்மிடம் இருக்காது.

அதனால் பொய்யில்லாத வாக்கியம் ஒன்று வேண்டும். "உன் காசுல இருந்து சப்பாத்து வாங்கப் போறேன், சரியா?" கொடுக்கும் அதிகாரம் பிள்ளையிடம் இருப்பதாக ஒரு நொடியாவது ஆகிறது. அது "மாட்டேன்" என்றும் சொல்லலாம். நாலு வயதில் மாட்டேன்தான் பிடித்த சொல். அப்போது, "இல்ல கண்ணு, வீட்டுக்கு வேணும், எடுத்துக்கிறேன்" என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை அழும். எடுப்பேன் என்று சொல்லி எடுக்கும் அதிகாரத்தைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்ளும். நாள் முழுக்கக் குளிக்க வா, தூங்க வா என்று அதைத்தானே செய்கிறோம். வைத்திருப்பதாகச் சொல்லி எடுப்பது வேறு வகை. அது "வச்சிருக்கேன்" என்ற சொல்லையே செல்லாக் காசாக்கிவிடுகிறது.

உண்மையிலேயே வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை பெயரில் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்புக் கணக்கைத் திறந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் போட்டுவிடுவார்கள். அதில் நிகரச் சேமிப்புக்கு ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை பெற்றோருக்கு வருமான வரிக் கழிவும் கிடைக்கிறது. நல்லது. ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உள்ளவர்களுக்குத்தான் அந்தக் கழிவு. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதும் கொஞ்சம் வசதியைப் பொறுத்தது என்பதை மறந்துவிட்டு மற்ற அம்மாக்களுக்கு உபதேசம் செய்யக்கூடாது. வசதி இல்லாதவர் வாக்கைக் குறைத்துக்கொள்ளலாம். முழுவதையும் வைத்திருக்கிறேன் என்று சொல்லாமல், பாட்டி கொடுத்த அந்த இரண்டு வெள்ளியை மட்டும் உறையோடு வைத்துக்கொடுத்தால்கூடப் போதும். வைத்தது வைத்தபடி இருந்தது என்பதைப் பிள்ளை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கும்.

வட்டத்தையும் காட்டலாம். பக்கத்து வீட்டுக் குட்டிக்கு உறை போடும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தாளை மடித்து உள்ளே வைக்கச் சொல்லலாம். தன் விரலால் ஒட்டிய உறை வேறொரு பிள்ளையின் கைக்குப் போவதைப் பார்த்த பிள்ளைக்கு, தனக்கு வந்த உறையையும் யாரோ இப்படி உட்கார்ந்து, எவ்வளவு வைப்பது என்று யோசித்துத்தான் ஒட்டியிருப்பார்கள் என்பது புரிய வாய்ப்பிருக்கிறது. மோஸ் பல பக்கங்களில் எழுதியதை ஒரு பசைக்குச்சி செய்துவிடும். பாட்டியின் இரண்டு வெள்ளிக்கும் அப்போதுதான் ஒரு எடை வரும்.

இந்தப் பிள்ளைகளும் ஒரு நாள் வேலைக்குப் போவார்கள். பொந்தியானில் இருப்பவர்களில் பலர் அந்தப் பாலத்தைத்தான் தாண்டுவார்கள். முதல் மாதச் சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கும் வழக்கம் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறது. கொடுப்பார்கள். அம்மாவும் வாங்கிச் சாமிப் படத்தின் முன் வைத்துவிட்டுச் சொல்வாள், "பத்திரமா வச்சிருக்கேன்யா." இருபத்திரண்டு வயதுக்காரன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். அந்தச் சிரிப்பில் நம்பிக்கை இருக்குமா, வெறும் பழக்கம் இருக்குமா என்பது அவனுக்கு நாலு வயதாக இருந்தபோது நடந்ததைக் கொஞ்சமாவது பொறுத்தது. அவனுக்கு அது ஞாபகம் இல்லாவிட்டாலும்.